காற்றின் அம்பு எந்தப் பக்கம்? மும்பை வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

கைப்பேசியின் வானிலைச் செயலியில் 'மேற்குக் காற்று' என்று இருக்கிறது. பக்கத்தில் உள்ள அம்போ கிழக்கைக் காட்டுகிறது. எதை நம்புவது? (வாசகி, செம்பூர்)

இரண்டும் சரிதான். காற்றுக்கு அது வரும் திசையை வைத்தே பெயர். தென்மேற்குப் பருவக்காற்றும் அப்படித்தான். அம்பை வரைகிறவர்கள் பெரும்பாலும் காற்று போகும் பக்கத்துக்குக் கூர்முனையைத் திருப்பிவிடுகிறார்கள். சில தளங்கள் வரும் பக்கத்தையே காட்டுவதுதான் தொல்லை.

உங்கள் செயலி எந்த ரகம் என்பதை மும்பையில் சுலபமாகக் கண்டுபிடிக்கலாம். கடல் நமக்கு மேற்கே. வெயில் நாளில் பிற்பகல் மூன்று மணிவாக்கில் தாதர் கடற்கரையில் கடலைப் பார்த்து நில்லுங்கள். காற்று முகத்தில் அடிக்கும்போது அம்பு திரையின் வலப்பக்கம் நீண்டிருந்தால் போகும் திசை. இடப்பக்கம் என்றால் வரும் திசை. வரைபடத்தைச் சுழற்றாதவரை திரையின் மேல்புறமே வடக்கு. நீங்கள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் அது மாறாது.

225 டிகிரி என்றால்? (மாட்டுங்கா)

தென்மேற்கு. வடக்கிலிருந்து வலச்சுற்றாகக் கிழக்கு 90, தெற்கு 180, மேற்கு 270. வானிலைக் கணக்கில் இந்த எண் வரும் திசையையே குறிக்கும். அம்பு குழப்பினால் எண்ணைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

சில வரைபடங்களில் அம்புக்குப் பதிலாக இறகு வைத்த குச்சி இருக்கிறதே? (கல்லூரி மாணவர், தாராவி)

அது வானிலையாளர்களின் குறி. இறகு உள்ள முனையிலிருந்து காற்று வருகிறது. இறகின் கோடுகள் வேகத்தைச் சொல்லும்: முழுக் கோடு 10 நாட், அரைக் கோடு 5, முக்கோணம் 50. ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். ஆகவே இரண்டு முழுக் கோடும் ஓர் அரைக் கோடும் இருந்தால் 25 நாட், ஏறக்குறைய 46 கிலோமீட்டர். படிக்கப் பழகிவிட்டால் அம்பைவிட இதுவே எனக்குப் பிடித்தது. திசையும் வேகமும் ஒரே பார்வையில் கிடைத்துவிடும்.

15 கிலோமீட்டர் காற்று என்கிறார்கள். எங்கள் பால்கனியில் இலைகூட அசையவில்லை. (சயான்)

காற்றின் வேகம் திறந்த வெளியில், 10 மீட்டர் உயரத்துக்கான கணக்கு. எதிரே அடுக்குமாடி நின்றால் அது செல்லாது.

மொட்டைமாடியில் வடாம் பிழிய எந்தக் காற்று நல்லது? (குடும்பத் தலைவி, முலுண்டு)

கிழக்குக் காற்று. சஹ்யாத்ரிக்கு (மேற்குத் தொடர்ச்சி மலைக்கு) அப்பாலுள்ள வறண்ட நிலத்திலிருந்து வருவதால் ஈரம் குறைவு. கடற்காற்று வந்துவிட்டால் வடாம் நமத்துப்போகும். மார்ச் மாதத்தில் அன்றைய மொத்தக் காற்றைப் பார்க்காதீர்கள். மணிவாரிப் பக்கத்தைத் திறந்து, அம்பு எந்த மணிக்குக் கிழக்குக் காற்றிலிருந்து மேற்குக் காற்றுக்கு மாறுகிறது என்று பாருங்கள். மும்பைக்காரருக்கு முன்னறிவிப்பில் இதைவிடப் பயனுள்ள தகவல் குறைவு. பதினொரு மணிக்கே திரும்பினால் அன்று வேண்டாம். இரண்டு மணிவரை திரும்பாவிட்டால் வடாம் நன்றாகக் காயும். ஆனால் கடற்காற்று தாமதமாகும் அத்தகைய நாள்களில்தான் நகரம் 38, 39 டிகிரிவரை கொதிக்கிறது. எட்டு மணிக்குள் பிழிந்து முடித்துவிட்டுக் கீழே இறங்கிவிடுங்கள்.