குணால் காம்ரா மீதான மும்பை வழக்கு ஏன் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு வந்தது?

மும்பையில் வளர்ந்த மேடை நகைச்சுவைக் கலைஞரான காம்ரா, விழுப்புரம் மாவட்டத்துக்குக் குடிபெயர்ந்தவர் என்பதே அதற்குக் காரணம். 2025 மார்ச்சில், இந்திப் படப் பாட்டு ஒன்றின் மெட்டில் மகாராஷ்டிரத் துணை முதல்வர் ஏக்நாத் ஷிண்டேயைப் பெயர் சொல்லாமல் "துரோகி" என்று பகடி செய்த காணொளி யூடியூபில் வெளியானதும், ஷிண்டேயின் சிவசேனா கட்சித் தொண்டர்கள் அது பதிவான அரங்கை அடித்து நொறுக்கினர். மறுநாளே மாநகராட்சி ஊழியர்களும் விதிமீறல் என்று கூறி அங்கே இடிக்க வந்தனர். (அந்த வேகம் தற்செயல் என்று நம்புவது கடினம்.) இந்தக் காணொளிக்காக மும்பையில் பதிவான வழக்கில், தமிழகத்தில் வசிப்பவர் என்ற அடிப்படையில் சென்னை உயர் நீதிமன்றம் அவருக்கு இடைக்கால முன்ஜாமீன் அளித்தது, பின்னர் மும்பை உயர் நீதிமன்றமும் கைதுக்குத் தடை விதித்தது.

2017இல் அரசியல்வாதிகளையும் செயற்பாட்டாளர்களையும் பேட்டி காணும் யூடியூப் தொடரால் பரவலாக அறியப்பட்ட அவர், 2020 ஜனவரியில் விமானத்தில் தொலைக்காட்சி நெறியாளர் அர்னாப் கோஸ்வாமியைக் கேள்விகளால் துளைத்ததற்காக இண்டிகோவின் பயணத் தடைக்கு ஆளானார். அதே ஆண்டு உச்ச நீதிமன்றத்தைக் கிண்டல் செய்த ட்வீட்டுகளுக்காக அவமதிப்பு வழக்கு வந்தபோது, மன்னிப்புக் கேட்க மறுத்துவிட்டார்.

சர்ச்சைகளின் இரைச்சலில் பலர் கவனிக்கத் தவறுவது வேறொன்று: ஒன்றிய அரசு தன்னைப் பற்றிய இணையச் செய்திகளைப் பொய் என்று தானே முத்திரை குத்த வழிசெய்த விதித்திருத்தத்தை, காம்ரா உள்ளிட்டோரின் மனுக்களை ஏற்று மும்பை உயர் நீதிமன்றம் 2024 செப்டம்பரில் ரத்து செய்தது.