மாஸ்ரரைக் கேளுங்கள்: வெறுமையாய்ப் போகிற வான்

கேள்வி: லண்டனில் இருக்கும் மகளும் மருமகனும் இரண்டு பிள்ளைகளோடு நல்லூர்த் தேருக்கு வருகிறார்கள். பத்து நாள்தான் நிற்பார்கள். கட்டுநாயக்க விமான நிலையத்துக்கு இங்கிருந்து வான் அனுப்ப இருக்கிறேன். மூத்த மகனின் பெடியன், "வான் வேண்டாம் அப்பம்மா, சூழலுக்குக் கூடாது" என்கிறான். அவன் சொல்வது சரியா?
- வாசகி, கொக்குவில்

பதில்: சரிதான் அம்மா, ஆனால் பாதிக் கணக்குத்தான் பார்த்திருக்கிறான். வான் போய்வர ஏறத்தாழ 700 கிலோமீற்றர். லீற்றருக்குப் பத்துக் கிலோமீற்றர் ஓடினால் 70 லீற்றர் டீசல். ஒரு லீற்றர் எரிந்தால் ஏறக்குறைய 2.7 கிலோ காபனீரொட்சைட்டு வரும். (ஒரு கிலோவும் நிறையில்லாத டீசலிலிருந்து எப்படி 2.7 கிலோ என்று வகுப்பில் வருடா வருடம் ஒருவன் கேட்பான். காற்றிலுள்ள ஒட்சிசன் வந்து சேருகிற பாரம் அது.) மொத்தம் 190 கிலோ. அதில் பாதி, சாரதி தனியே பாட்டுக் கேட்டுக்கொண்டு போனதற்கு! அவர்கள் திரும்பிப் போகும்போது இன்னொரு 190.

நானும் இதைச் செய்தவன்தான். கனடாவிலிருந்து வந்த மகனைக் கூட்டிவர வானில் தனியாகப் போனேன். முறிகண்டியில் இறங்கிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்துவிட்டு, கச்சான் வாங்கத் திரும்பினால், எங்கள் ஒழுங்கையில் இருக்கும் மனுசன் ஒரு கொழும்பு பஸ்ஸிலிருந்து இறங்கி நிற்கிறார். வவுனியா வரையும் சீற் கிடைக்காதாம். என் வானில் பத்துச் சீற் சும்மா கிடந்தது. "என்ன மாஸ்ரர், தனியவோ?" என்று கேட்டார். கச்சான் தொண்டையில் இறங்கவில்லை. அவரை ஏற்றிக்கொண்டு போனேன் என்பது வேறு கதை.

ஆகவே வான்தான் என்றால், போகும்போது கொழும்புக்குப் போகிறவர்களை ஏற்றுங்கள். ஊரில் நாலு பேரிடம் சொன்னால் போதும், ஆள் சேரும். அல்லது அவர்களைக் கொழும்பில் ஓர் இரவு தங்கவைத்துக் கோட்டையிலிருந்து ரயிலில் வரச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்கு அது ஒரு கொண்டாட்டம். பாதை வேலை என்று ரயில் ஓட்டத்தை இடையிடையே நிறுத்துவார்கள், முதலில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பெடியன் விட்ட பாதிக்கு வருவோம். லண்டன் கொழும்பிலிருந்து 8,700 கிலோமீற்றர். விமானத்தில் போய்வர ஓர் ஆளின் பங்கு ஒரு தொன்னைத் தாண்டும். நாலு பேருக்கு நாலு தொன்னுக்கு மேல். வானின் இரண்டு ஓட்டத்து 380 கிலோ இதற்குப் பக்கத்தில் சுண்டங்காய். அதற்காக மகளிடம் "வராதே" என்று சொல்ல உங்களுக்கு வாய் வராது, எனக்கும் என் மகனிடம் வரவில்லை. ஆனால் பத்து நாளுக்கென்று இரண்டு தரம் வருவதிலும் ஒரு தரம் வந்து அதிக நாள் நிற்பது நல்லது. கொடியேற்றம் தொடங்கி 25 நாளும் நிற்கச் சொல்லிப் பாருங்கள். லீவு கிடைக்காது என்பாள். அடுத்த வருடத்து லீவையும் சேர்த்து எடுக்க முடியுமா என்று கேளுங்கள்.

கேள்வி: இந்தியாவுக்குக் கப்பலா, விமானமா? எது சூழலுக்கு நல்லது?
- வாசகர், சுன்னாகம்

பதில்: கப்பல் என்றால் சுத்தம் என்று நினைக்கவேண்டாம். வேகமாக ஓடும் பயணிகள் கப்பல் நிறைய எண்ணெய் குடிக்கும், சீற் காலியாக இருந்தால் ஆளுக்கு இன்னும் கூடும். பலாலியிலிருந்து சென்னைக்கு ஓடத் தொடங்கியது சிறிய புரொப்பெல்லர் விமானம், அது ஜெட்டை விடக் குறையக் குடிக்கும். நீங்கள் போகும் இடத்தைப் பாருங்கள். சிதம்பரம், வேளாங்கண்ணி என்றால் காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் நாகபட்டினம் போவதுதான் நேர்வழி. எதுவானாலும் கொழும்புக்கு 400 கிலோமீற்றர் தெற்கே போய், அங்கிருந்து வடக்கே சென்னைக்குப் பறப்பது தலையைச் சுற்றி மூக்கைத் தொடுகிற வேலை.

கேள்வி: ரியூசனுக்கு 2 கிலோமீற்றர். சைக்கிள் உழக்கக் கஷ்டம், மோட்டார் சைக்கிள் வேண்டும் என்று மகன் நிற்கிறான்.
- தந்தை, கோண்டாவில்

பதில்: 90களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் இல்லை. ஊசி போடும் சிரிஞ்சில் நாலு சொட்டுப் பெற்றோலை எடுத்துக் காபரேற்றருக்குள் விட்டு ஸ்ராட் பண்ணி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடினோம். பின்னால் வருகிறவன் இருமிக்கொண்டே வருவான். சைக்கிளில் போனவர்கள்தான் நிம்மதியாகப் போனார்கள். இதை மகனிடம் சொல்லாதீர்கள், பழங்கதை என்பான்.

சைக்கிளைப் போய்ப் பாருங்கள். எங்கள் ஊரில் மேடு கிடையாது, உழக்கக் கஷ்டம் என்றால் பெரும்பாலும் மூன்று குறைதான்: ரயரில் காற்று இல்லை, செயினில் எண்ணெய் இல்லை, சீற் பதிவு. பெடியன் வளர்ந்திருப்பான், சீற் அவன் எட்டாம் வகுப்பில் இருந்த உயரத்திலேயே நிற்கும். பெடல் கீழே வரும்போது முழங்கால் கொஞ்சம்தான் மடிந்திருக்க வேண்டும், அந்த அளவுக்கு உயர்த்துங்கள். ஒரு கிழமை ஓடட்டும், அப்புறம் திரும்ப எழுதுங்கள்.