டெக்சாஸில் உரிமம் இல்லாமல் காரில் துப்பாக்கி: பிள்ளையைப் பள்ளியில் விடலாமா?

கூடாது. உரிமம் எடுக்காத நீங்கள், தோட்டா நிரப்பிய கைத்துப்பாக்கியை டாஷ்போர்டு பெட்டியில் வைத்துக்கொண்டு பள்ளி வாசலுக்குப் போவது கூட்டரசுச் சட்டப்படி குற்றம். 5 ஆண்டு வரை சிறை உண்டு.

குழப்பம் எங்கே வருகிறதென்றால், 2021 செப்டம்பரில் கைத்துப்பாக்கி கொண்டுபோக உரிமம் தேவையில்லை என்று சொன்னது டெக்சாஸ் மாநிலச் சட்டம். பள்ளியைச் சுற்றித் துப்பாக்கியைத் தடுக்கும் பள்ளி மண்டலச் சட்டமோ வாஷிங்டனுடையது, அதாவது கூட்டரசின் சட்டம். 1995இல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதோடு கதை முடிந்தது என்றே பலர் நினைக்கிறார்கள். 1996இல் காங்கிரஸ் திருத்தி மீண்டும் கொண்டுவந்துவிட்டது.

வரைபடத்தில் பள்ளியின் எல்லையிலிருந்து 1,000 அடி அளந்து பாருங்கள், ஏறக்குறைய 305 மீட்டர். அதுதான் பள்ளி மண்டலம். தனியார் பள்ளியும் கணக்கில் வரும். தினமும் போகும் சாலை அதற்குள் வந்தால் இரண்டே வழி:

1. டெக்சாஸ் உரிமம் எடுப்பது. பள்ளி இருக்கும் மாநிலமே தந்த உரிமத்துக்குத்தான் சட்டத்தில் விலக்கு.
2. தோட்டாவை எடுத்துவிட்டு, துப்பாக்கியைத் தனிப் பெட்டியில் பூட்டி வைப்பது. டாஷ்போர்டு பெட்டியைப் பூட்டிவிட்டு அதை நம்ப வேண்டாம்.

இன்னொன்று. நீங்கள் எச்‑1பி போன்ற தற்காலிக விசாவில் இருந்தால் பள்ளிக் கேள்வியே அப்புறம்தான்: வேட்டை உரிமம் போன்ற சில விலக்குகள் தவிர, துப்பாக்கி வைத்திருப்பதே தடை. அப்படியானால் முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள்.