பழைய படத்தில் ஆடுபவரின் பாதம் தெரியவில்லையா?

டிவியின் படஅளவு அமைப்பில் 'ஸூம்' இருந்தால் 4:3 அல்லது 'ஒரிஜினல்' என்று மாற்றுங்கள், நடனக் காட்சியில் பாதம் தெரியும். இரு பக்கமும் கறுப்புப் பட்டை வரும். அது கோளாறு இல்லை, அப்படியே விடுங்கள்.

1950களின் கறுப்பு வெள்ளைப் படங்கள் பெரும்பாலும் 1.37:1 (அகலம்:உயரம்) சட்டகத்தில் எடுக்கப்பட்டவை, ஏறக்குறைய 4:3. இன்றைய டிவி 16:9. பட்டையை மறைக்க ஸூம் செய்தால் உயரத்தில் கால் பங்கு போய்விடும். ஒளிப்பதிவாளர் உச்சி முதல் சலங்கை வரை அந்தச் சட்டகத்துக்குள் அளந்து வைத்திருப்பார். கீழே வெட்டினால் அடவே (பாதமும் கையும் சேர்ந்த நடன அசைவு) போச்சு, கை அசைவு மட்டும்தான் மிஞ்சும். பட்டையைச் சகித்துக்கொள்வது எவ்வளவோ மேல்.

சந்தேகம் இருந்தால், சுவர்க் கடிகாரமோ வண்டிச் சக்கரமோ நேராகத் தெரியும் இடத்தில் நிறுத்திப் பாருங்கள். வட்டம் பக்கவாட்டில் அகன்றிருந்தால் டிவி படத்தை இழுக்கிறது. வட்டம் சரியாக இருந்து கால் மட்டும் காணவில்லை என்றால் வெட்டுகிறது.

ஒன்று, யூடியூபில் ஏற்றியவரே 16:9-க்கு வெட்டியிருந்தால் எந்த அமைப்பாலும் பாதம் திரும்பாது. அப்போது பக்கப் பட்டையோடு இருக்கும் வேறு பிரதியைத் தேடுங்கள்.