சாட்டின் என்பது நூலா, நெசவா?

கேள்வி: போன தீபாவளிக்கு, அட்டையில் '100% காட்டன் சாட்டின், 600 திரெட் கவுன்ட்' என்று போட்டிருந்த பெட்ஷீட் வாங்கினேன். ஆறே மாதத்தில் அங்கங்கே நூல் இழுத்துக்கொண்டு நிற்கிறது. சாட்டின் என்றாலே பாலியஸ்டர்தான், ஏமாந்துவிட்டாய் என்கிறார் நாத்தனார். துவைத்த துணியை மாற்றித் தர முடியாது என்கிறார் கடைக்காரர். நான் ஏமாந்தேனா? அடுத்து எதை வாங்குவது?
– வாசகி, கோவை

பதில்: சாட்டின் என்பது நூலின் பெயர் இல்லை, நெசவின் பெயர். பருத்தி, பட்டு, பாலியஸ்டர் எதிலும் சாட்டின் நெய்யலாம். அதனால் நாத்தனார் சொன்னதை அப்படியே ஏற்க வேண்டாம்.

தறியில் நீளவாக்கில் ஓடுவது பாவு, குறுக்கே போவது ஊடை. நாம் கட்டுகிற வேட்டியில் ஊடை ஒரு பாவு இழைக்கு மேலே, அடுத்ததற்குக் கீழே என்று மாறி மாறிப் போகும். இது சாதா நெசவு; இழைகள் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். சாட்டினில் ஓர் இழை பொதுவாக நான்கு இழைகளையாவது தாண்டிய பிறகுதான் உள்ளே இறங்கும். மேலே மிதக்கும் அந்த நீளத்தில்தான் வெளிச்சம் பட்டு மின்னுகிறது. கொலுசும் மெட்டியும் கால் நகமும் மாட்டுவதும் அதே இடத்தில்தான். இது தயாரிப்புக் குறை இல்லை, நெசவின் இயல்பு. விற்றவர் இதைச் சொல்லியிருக்க வேண்டும் என்பதே என் வருத்தம்.

இரண்டுக்கும் நடுவில் ட்வில் இருக்கிறது. ஜீன்ஸ் துணியில் சாய்வாகக் கோடு ஓடுகிறதே, அதுதான். ஜீன்ஸில் நீலப் பாவு மேலே அதிகம் தெரிவதால்தான் உள்பக்கம் வெளுத்திருக்கிறது.

இனி அந்த 600. ஓர் அங்குலச் சதுரத்தில் உள்ள பாவு, ஊடை இழைகளின் கூட்டுத்தொகைதான் திரெட் கவுன்ட். இரண்டு இழைகளை முறுக்கிய ஒரே நூலை இரண்டாக எண்ணி, 300-ஐ 600 ஆக்கி விற்பதும் உண்டு. எண் பெரிதாக இருந்தால், "ஒற்றை இழையா, முறுக்கு நூலா?" என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

பருத்திதானா என்பதை வீட்டிலேயே ஓரளவு பார்க்கலாம். துணியிலிருந்தே பாவில் ஒன்று, ஊடையில் ஒன்று உருவுங்கள். தையல் நூல் வேண்டாம், அது பெரும்பாலும் பாலியஸ்டர். இடுக்கியில் பிடித்துக் கொளுத்தினால் பருத்தி காகிதம்போல் மணந்து சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிக் கெட்டி மணியாகும். மணியானால் அட்டையில் இருப்பது பொய். பில்லையும் அட்டையையும் வைத்துக்கொண்டு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யுங்கள். நுகர்வோர் ஆணையத்துக்குப் போக 2 ஆண்டு அவகாசம் உண்டு.

உங்கள் ஊர் வெயிலுக்கும் தினசரிப் புழக்கத்துக்கும் சாதா நெசவுப் பருத்திதான் என் தேர்வு. பக்கத்திலேயே, கைத்தறி பெட்ஷீட்டுக்குப் பேர்போன சென்னிமலை இருக்கிறது. கடையில் துணியின் இரு பக்கத்தையும் போன் கேமராவில் பெரிதாக்கிப் பாருங்கள்: சின்னச் சின்னக் கட்டமாகத் தெரிந்தால் சாதா, சாய்கோடு என்றால் ட்வில், ஒரு பக்கம் மின்னி மறுபக்கம் மங்கினால் சாட்டின்.

இழுத்துக்கொண்ட நூலை மட்டும் வெட்டிவிடாதீர்கள். துணியை மெல்ல இழுத்துவிட்டு, ஊசி முனையால் அந்த நூலைப் பின்பக்கம் தள்ளிவிடுங்கள்.