வீடற்றோர் காப்பகத்தில் தலைமை மாறியிருக்கிறது, மறுபடி நன்கொடை கொடுக்கலாமா?

பல வருடமாக நீங்கள் பணம் அனுப்பிவந்த வீடற்றோர் காப்பகத்தில் மோசடிப் புகார் எழுந்து, நிர்வாகி விலகிவிட்டார். இப்போது புதியவர் வந்திருக்கிறார், அவரை நம்பலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். என் பதில்: அவர் உங்களுக்கு அனுப்பும் கடிதத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். அங்கே இரவில் படுத்துத் தூங்குகிறவர்கள் அவரை நம்புகிறார்களா என்று பாருங்கள். நன்கொடையாளர் நம்பிக்கையெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்த விஷயத்தில் நியூயார்க்கின் கோவெனன்ட் ஹவுஸ் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. வீட்டை விட்டு ஓடிவந்த, விரட்டப்பட்ட இளம் வயதினருக்கான காப்பகம் அது. 1972இல் அதை நிறுவியவர் ப்ரூஸ் ரிட்டர் என்ற பிரான்சிஸ்கன் பாதிரியார். வந்து கதவைத் தட்டும் பிள்ளையைத் திருப்பி அனுப்புவதில்லை என்பது அங்கே அடிப்படை விதி. 1984இல் அதிபர் ரீகன் நாடாளுமன்றத்தில் ஆற்றிய உரையில் ரிட்டரைப் பெயர் சொல்லிப் பாராட்டினார். ரிட்டர் எழுதும் கடிதங்களைப் படித்துவிட்டு நாடு முழுவதும் சாதாரண ஜனங்கள் பணம் அனுப்பினார்கள்.

1989 டிசம்பரில், அங்கே அடைக்கலம் பெற்றிருந்த ஓர் இளைஞர் ரிட்டர் மீது சொன்ன பாலியல் புகார் செய்தித்தாளில் வந்தது. நிறுவனம் என்ன செய்தது தெரியுமா? புகார் சொன்னவரின் அப்பாவையே செய்தியாளர்கள் முன் உட்காரவைத்து, மகன் பேச்சை நம்பாதீர்கள் என்று சொல்லவைத்தது. இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். பிறகு வேறு இளைஞர்களும் பேச ஆரம்பித்தார்கள். 1990 பிப்ரவரியில் ரிட்டர் விலகினார். அவர் கடைசிவரை மறுத்தார், அவர்மீது வழக்கும் போடப்படவில்லை. ஆனால் நிர்வாகக் குழு க்ரோல் என்ற வெளி நிறுவனத்தை வைத்து விசாரித்தது. ஆகஸ்டில் வந்த அறிக்கை, அவர் தானாக விலகியிருக்காவிட்டால் விலக்கியே ஆகவேண்டியிருந்திருக்கும் என்றது. ரிட்டர் தனியாக வைத்திருந்த ஒரு டிரஸ்டிலிருந்து வேண்டியவர்களுக்குக் கடன் போயிருந்ததும் வெளியே வந்தது.

அந்த வருடமே பொறுப்பேற்றவர் மேரி ரோஸ் மெக்கீடி என்ற கன்னியாஸ்திரி. புருக்லினில் குழந்தைகள் நலப் பணிகளில் பழம் தின்று கொட்டை போட்டவர். நன்கொடை மளமளவென்று சரிந்துகொண்டிருந்த நேரம். செலவைக் குறைக்கவேண்டிய கட்டாயத்திலும் கதவைத் தட்டும் பிள்ளைக்கு இடம் உண்டு என்ற விதியை அவர் விட்டுக்கொடுக்கவில்லை. 2003 வரை பதவியில் இருந்தார். வாஷிங்டன், வான்கூவர் போன்ற ஊர்களில் புதிய காப்பகங்கள் வந்தது அவர் காலத்தில்தான். அந்த நிறுவனம் இன்றும் நடக்கிறது.

இனி நான் நேரில் பார்த்தது. சென்னையில் மாநகராட்சிக் கட்டடத்தில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் பெண்கள் காப்பகத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் கணக்கு எழுத உதவுகிறேன். அங்கே இருப்பவர்களில் பலர் வீட்டு வேலை செய்பவர்கள், பூ கட்டி விற்பவர்கள். சேர்த்த காசை முந்தானையில் முடிந்து எத்தனை நாள் தூங்குவது? அதனால் பழைய பொறுப்பாளரிடம் கொடுத்துவைத்திருந்தார்கள். அவர் போனபோது அந்தப் பணமும் போய்விட்டது.

புதிதாக வந்த அக்கா நன்கொடையாளர் கூட்டம் எதையும் கூட்டவில்லை. ஒரு நீள நோட்டை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து, ஒவ்வொருவரிடமும் எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்டு எழுதினார். ஒரு பாட்டி, "நாலாயிரம் குடுத்தேம்மா, சீட்டு ஒண்ணும் இல்லியே" என்று தயங்கினார். "நீங்க சொல்றதுதான் பாட்டி கணக்கு" என்றார் அக்கா. ஆடிட்டர் வவுச்சர் இல்லாமல் எப்படி என்று கேட்டார், அது நியாயமான கேள்விதான். ஒவ்வொரு தொகைக்கும் வாங்குபவரின் கைரேகை, கூடத் தங்கியிருக்கும் இரண்டு பேரின் சாட்சிக் கையெழுத்து என்று முடிவானது. டிரஸ்டின் சேமிப்பிலிருந்து எல்லோருக்கும் பணம் திரும்பிய பிறகு, போஸ்ட் ஆபீஸில் அவரவர் பெயரிலேயே கணக்கு தொடங்கினார்கள். போர்வையும் சோப்பும் இருக்கும் பீரோவின் சாவி தங்கியிருக்கும் பெண்களின் கைக்குப் போனது. நன்கொடையாளர்களுக்குக் கடிதம் எழுதியது இதெல்லாம் முடிந்த பிறகுதான். பணம் போனதையும் திருப்பிக் கொடுத்ததையும் அதில் தொகையோடு எழுதியிருந்தார்.

உங்கள் காப்பகத்துக்கு ஒரு மாலை நேரம் சொல்லாமல் போய்ப் பாருங்கள். தங்கியிருப்பவர்களோடு உட்கார்ந்து டீ குடியுங்கள். ஏதாவது குறை என்றால் யாரிடம் சொல்வீர்கள் என்று கேளுங்கள். நிர்வாகியைத் தவிர வேறு பெயரே வரவில்லை என்றால் எதுவும் மாறவில்லை. தணிக்கை அறிக்கையைக் கேட்டு வாங்குங்கள். டிரஸ்டிகளில் எத்தனை பேர் புதியவர்கள், எத்தனை பேர் ஒரே குடும்பம் என்று விசாரியுங்கள். தலைவரை மட்டும் மாற்றிவிட்டு, அவரைத் தட்டிக்கேட்காத குழுவை அப்படியே வைத்திருந்தால் எனக்கு நம்பிக்கை வராது. வரிச்சலுகைக்கான நன்கொடை ரசீது மட்டும் போதாது. காப்பகம் வருமான வரித் துறையில் கணக்கைத் தாக்கல் செய்தபின் கிடைக்கும் நன்கொடைச் சான்றிதழும் வரவேண்டும், நீங்கள் கொடுத்த தொகை அதில் சரியாக இருக்கவேண்டும்.

திருப்தியாக இருந்தால் மாதாமாதம் கொஞ்சம் கொடுங்கள், ஒரு வருடம் பார்த்துவிட்டுக் கூட்டலாம். பதில் சொல்ல மழுப்பினால் அந்தப் பணத்தை வேறு காப்பகத்துக்குக் கொடுங்கள். நகரங்களில் மக்கள்தொகையில் லட்சம் பேருக்கு ஒரு காப்பகமாவது வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2010இல் சொன்னது. இன்னும் எத்தனையோ பேர் நடைபாதையில்தான் படுக்கிறார்கள். ஒரு நிர்வாகி செய்த தப்புக்காக அவர்களுக்குக் கொடுப்பதை மட்டும் நிறுத்திவிடாதீர்கள்.