இன்டர்வியூ முடிந்து எட்டு மாதம்: குடியுரிமைக்காக ஃபெடரல் கோர்ட்டுக்குப் போகலாமா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் சன்னிவேலில் இருக்கிறேன். 2019-இல் கிரீன் கார்டு கிடைத்தது. 2024-இல் என்-400 (குடியுரிமை விண்ணப்பம்) போட்டேன். மார்ச் 11 அன்று சான் ஹோசேயில் இன்டர்வியூ. ஆங்கிலம், சிவிக்ஸ் இரண்டிலும் பாஸ். ஆனால் கையில் கொடுத்த தாளில் "இப்போது முடிவு செய்ய இயலாது" என்ற கட்டத்தில் டிக் அடித்திருந்தார்கள். எட்டு மாதமாகப் பதில் இல்லை. 2022-இல் அப்பாவின் ஆபரேஷனுக்காக மதுரையில் ஏழு மாதம் இருந்தேன். அதுதான் காரணமா? கேஸ் போட்டால் பழிவாங்குவார்களா? 2020-லிருந்து ஈபி-3-இல் (வேலை வழி கிரீன் கார்டின் மூன்றாம் பிரிவு) ஐ-485 (கிரீன் கார்டு விண்ணப்பம்) நிலுவையில் இருக்கும் என் தம்பியையும் சேர்த்துக்கொள்ளலாமா?

பதில்: நீங்கள் கேஸ் போடலாம். தம்பியைச் சேர்க்க வேண்டாம்.

நண்பர்கள் "மாண்டமஸ் போடு" என்றிருப்பார்கள், அதாவது அதிகாரி தன் கடமையைச் செய்யக் கோர்ட் உத்தரவிட வேண்டும் என்று கேட்கும் மனு. உங்களுக்கு அதைவிட வலுவான வழி இருக்கிறது. மாண்டமஸில் எவ்வளவு தாமதம் நியாயமற்றது என்று நீங்கள் வாதாடி நிரூபிக்க வேண்டும். குடியுரிமை இன்டர்வியூ முடிந்தவர்களுக்கோ, நாளைச் சட்டமே எண்ணிக் கொடுத்திருக்கிறது: 120. அதற்குள் முடிவு வராவிட்டால், நீங்கள் வசிக்கும் மாவட்டத்தின் ஃபெடரல் கோர்ட்டில் மனு போடலாம் என்கிறது ஃபெடரல் சட்டத்தின் 8 யூ.எஸ்.சி. 1447(பி) பிரிவு. மார்ச் 11-லிருந்து எண்ணினால் ஜூலை 9 அன்று 120 நாள் முடிந்துவிட்டது. ஒரு நாள் முந்திப் போட்டிருந்தாலும் தள்ளுபடி ஆகியிருக்கும். இப்போது அந்தக் கவலை இல்லை. டிக் அடித்த அந்தத் தாள்தான் என்-652. உங்கள் கேஸின் முதல் சாட்சி அதுவே, பத்திரமாக வையுங்கள்.

நீதிபதி தானே விசாரித்து முடிவு சொல்லலாம். அல்லது "இத்தனை நாளுக்குள் முடி" என்று திருப்பி அனுப்பலாம். பெரும்பாலும் நடப்பது இரண்டாவதுதான். 2004-இல் ஹோவ்செபியன் வழக்கில் ஒன்பதாம் சர்க்யூட் (கலிஃபோர்னியாவுக்கான ஃபெடரல் அப்பீல் கோர்ட்) சொன்னபடி, மனு பதிவான பிறகு கோர்ட் திருப்பி அனுப்பும் வரை யூஎஸ்சிஐஎஸ் (குடியுரிமை, குடியேற்ற அலுவலகம்) தானாக முடிவெடுக்க முடியாது. அதனால்தான் அரசு வழக்கறிஞரே ரிமாண்டுக்கு, அதாவது கேஸை யூஎஸ்சிஐஎஸ்-க்குத் திருப்பி அனுப்புவதற்கு, உங்கள் சம்மதம் கேட்டு வருவார்.

கேஸ் போட்டதற்காக நிராகரிக்கச் சட்டத்தில் இடமில்லை. ஆனால் கேஸ் வாங்கித் தருவது முடிவைத்தான், ஒப்புதலை அல்ல. தூசி படிந்து கிடந்த ஃபைலை ஒருவர் எடுத்து முதல் பக்கத்திலிருந்து படிப்பார். அப்போது அவர் கண்ணில் படப்போவது உங்கள் ஏழு மாதம்.

அதுதான் தாமதத்துக்குக் காரணம் என்று இங்கிருந்து சொல்ல முடியாது. ஆனாலும் ஆறு மாதத்துக்கு மேல், ஒரு வருடத்துக்குள் வெளிநாட்டில் இருந்தால் குடியுரிமைக்குத் தேவையான தொடர் வசிப்பு அறுந்துவிட்டதாகச் சட்டம் ஊகிக்கிறது. அந்த ஊகத்தை உடைக்கும் பொறுப்பு உங்களுடையது. வேலை தொடர்ந்தது என்று கம்பெனிக் கடிதம், அந்த மாதங்களின் பே ஸ்டப் (சம்பளச் சீட்டு), வாடகை ஒப்பந்தம் அல்லது வீட்டுக் கடன் கட்டிய கணக்கு, மனைவி, குழந்தைகள் இங்கேயே இருந்திருந்தால் பள்ளிப் பதிவு, அப்பாவின் டிஸ்சார்ஜ் சம்மரி, ஐஆர்எஸ் (வரித் துறை) டிரான்ஸ்கிரிப்ட் எல்லாவற்றையும் சேர்த்து, கேஸ் போடும் முன்பே சான் ஹோசே அலுவலகத்துக்குச் சர்டிஃபைடு மெயிலில் அனுப்புங்கள். அந்த வருட வரியை "நான்-ரெசிடென்ட்" என்று தாக்கல் செய்திருந்தால் மட்டும் நில்லுங்கள். அது கிரீன் கார்டையே கேள்விக்குள்ளாக்கும். ஒரு வழக்கறிஞர் ஃபைல் முழுவதையும் பார்க்காமல் கேஸ் போடாதீர்கள்.

மனு போக வேண்டிய இடம் வடக்கு கலிஃபோர்னியா மாவட்டக் கோர்ட், சான் ஹோசே. கட்டணம் 405 டாலர். பிராது, சிவில் கவர் ஷீட், சம்மன்கள், சாட்சிகளாக ரசீது நோட்டீஸ், இன்டர்வியூ நோட்டீஸ், என்-652, நீங்கள் விசாரித்து அனுப்பிய கடிதங்கள். தாக்கல் செய்யும் காகிதங்களில் சோஷியல் செக்யூரிட்டி எண்ணில் கடைசி நான்கு இலக்கமும், பிறந்த தேதியில் வருடமும் மட்டும் தெரியட்டும்.

சொந்தமாகக் கேஸ் போடுபவர்கள் அதிகம் தவறுவது சம்மன் சேர்ப்பதில். யூஎஸ்சிஐஎஸ்-க்கு மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பார்கள். மாவட்டத்தின் யு.எஸ். அட்டர்னி (ஃபெடரல் அரசின் வழக்கறிஞர்) அலுவலகத்தில் சிவில் பிராசஸ் கிளார்க்குக்கும், வாஷிங்டனில் அட்டர்னி ஜெனரலுக்கும், பிரதிவாதியாகக் காட்டிய ஒவ்வொரு அலுவலகத்துக்கும் போக வேண்டும். அரசு பதில் சொல்ல வேண்டிய 60 நாள், யு.எஸ். அட்டர்னிக்குக் கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும். இன்னொன்று: வழக்காடுபவர் தன் கையால் சம்மன் சேர்க்கக் கூடாது, 18 வயது நிரம்பிய வேறொருவர் செய்ய வேண்டும்.

அந்த 60 நாளுக்குள்ளேயே பெரும்பாலும் ஃபோன் வரும். "முடித்துத் தருகிறோம், கேஸை வாபஸ் வாங்குங்கள்" என்றால் சம்மதிக்காதீர்கள். ரிமாண்ட் உத்தரவில் முடிவுக்கு 30 நாள் போல ஒரு கெடு, ஒப்புதலானால் உறுதிமொழி விழாவுக்கும் ஒரு தேதி, அதுவரை கேஸ் கோர்ட்டின் கையிலேயே இருக்கும் என்ற வரி, மூன்றும் இருக்க வேண்டும். வெறும் ஈமெயிலை நம்பி வாபஸ் வாங்கினால், அவர்கள் தவறும்போது மறுபடி 405 டாலரிலிருந்து தொடங்க வேண்டும். கைரேகைச் சோதனை 15 மாதம்தான் செல்லும். இடையில் திரும்பக் கூப்பிட்டால் தவறாமல் போங்கள். கேஸ் போடும் முன் டெக்சஸுக்கோ சியாட்டிலுக்கோ குடிபெயர்ந்தால் கோர்ட்டும் மாறும்.

வக்கீல் ஃபீஸ் அரசிடமிருந்து திரும்ப வரும் என்று யாராவது சொன்னால் அதை நம்பிச் செலவு செய்யாதீர்கள். உத்தரவு இல்லாமல் தானாகவே ஒப்புதல் வந்து கேஸ் முடிந்தால் கிடைப்பது கடினம்.

தம்பியின் விஷயம் வேறு. இந்தியர்களின் ஈபி-3 தாமதத்துக்கு வேர், எந்த நாட்டுக்கும் 7 சதவீதத்துக்கு மேல் இல்லை என்ற வரம்பு. விசா எண் (ஆண்டு ஒதுக்கீட்டில் ஓர் இடம்) இல்லாதபோது ஐ-485-ஐ நிறுத்திவைக்கும் முறையை எதிர்த்து இந்தியர்களே பபாரியா வழக்கில் ஒன்பதாம் சர்க்யூட் வரை போனார்கள். ஒப்புதல் கொடுக்கும் நேரத்திலும் எண் இருக்க வேண்டும் என்று 2023-இல் அந்தக் கோர்ட் சொல்லிவிட்டது. அவர் பெயரையும் உங்கள் மனுவில் போட்டால் அரசுத் தரப்புக்கு ஒரு தள்ளுபடி மனு எழுத வாய்ப்புக் கொடுத்து, உங்கள் கேஸையும் இழுப்பீர்கள். மாதாமாதம் விசா புல்லட்டினை (யாருடைய முறை வந்திருக்கிறது என்று அரசு வெளியிடும் பட்டியல்) பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய ப்ரையாரிட்டி டேட் (வரிசையில் இடம் பிடித்த தேதி) அதன் ஃபைனல் ஆக்ஷன் பட்டியலில் கரண்ட் ஆகி, அதாவது அவர் முறை வந்து, பல மாதம் கரண்டாகவே இருந்தும் ஃபைல் அசையவில்லை என்றால், அன்றைக்கு அவருக்குத் தனியாக மாண்டமஸ் கேஸ் பற்றிப் பேசலாம்.